கடுகு நிறுத்தாமல் படிக்கிறாள்

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நீ சொன்னபடியே நான் பிரிக்கவில்லை. கடுகின் கையில் கொடுத்து, "அம்மா உனக்குத்தான் எழுதியிருக்காங்க, நீயே படி" என்றேன்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே உரக்கப் படித்தாள். அவள் படிப்பதை நீ ஃபோனில் கேட்டிருக்கிறாய். நான் நடத்தும் இரண்டாம் வகுப்பில் அப்படிப் படிக்க இன்னொரு பிள்ளை இல்லை. "அரையாண்டு லீவுக்கு அம்மாவால் வர முடியவில்லை. இன்னும் இரண்டு வருஷம் எனக்கு இங்கேதான் வேலை" என்ற இடம் வந்தபோது, நான் துணி மடிப்பதுபோல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் குரல் அசையவில்லை. கடைசி வரி வரை ஒரே வேகம். முடித்துவிட்டு, "நல்லாப் படிச்சேனா சித்தி?" என்றாள். நல்லாப் படிச்சே என்றேன். பென்சில் சீவித் தரச் சொன்னாள். சீவிக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

அழவில்லை அக்கா. இதை எழுதலாமா, எழுதினால் உனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். அவளுக்கு உன் நெஞ்சுரம். நான்தான் தேவையில்லாமல் பயந்தேன்.

நேற்று பெரிய டீச்சர் அவளைக் காலைக் கூட்டத்தில் மேடையேற்றிப் படிக்க வைத்தார். ஸ்டாப்வாட்ச் அவர் கழுத்திலேயே தொங்கும், உனக்குச் சொல்லியிருக்கிறேன். நேரம் பார்த்துவிட்டு, "நாலாங்கிளாஸ் பிள்ளைங்களே, தலையக் குனிஞ்சுக்குங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

உன் தங்கை


ஆகஸ்ட் 20

அடி ஊமைக்கோட்டான்,

அழலையா? ஒரு சொட்டுகூடவா?

நல்லதுதான். நல்லதுன்னுதான் நானும் எனக்குச் சொல்லிக்கிறேன். ஆனா உன் கடிதாசியப் படிச்சிட்டு அன்னைக்கு ரெண்டு தடவ படுக்கை விரிப்பத் தேய்க்கிற உருளையில கோணலா விட்டு, எல்லாம் சுருட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரி விரிப்பு, ஒரு சுருக்கம் இருந்தாலும் திருப்பி அனுப்புவாங்க. பெத்தவள நெனச்சு ஒரு மூக்கு உறிஞ்சல்கூட இல்லையான்னு ஒரு பக்கம். என் புள்ள எவ்வளவு தைரியசாலின்னு ஒரு பக்கம். சரி விடு.

ஃபோன்ல சொல்லியிருக்கலாமேன்னு நீ கேக்க மாட்ட, நீதான் வாயத் தொறக்க மாட்டியே. நானே சொல்றேன். ஹாஸ்டல்ல ஒரே ஃபோன், ஞாயித்துக்கிழமை மட்டும். பின்னாடி நிக்கிறவ செருமிக்கிட்டே இருப்பா. அதுக்கு நடுவுல "அம்மா வரலடா"ன்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல. எழுதினா அவளே படிச்சுக்குவா, மத்தவங்க வாயால கேக்க வேணாம்னு நெனச்சேன். அவதான் அவ்வளவு நல்லாப் படிக்கிறாளே.

உன்கிட்ட மட்டும் ஒண்ணு. இந்த ரெண்டு வருஷ ஒப்பந்தத்துக்கு யாரும் என் கையப் பிடிச்சுக் கையெழுத்து வாங்கல. சூப்பர்வைசரம்மா, "போறியா, இருக்கியா?"ன்னு கேட்டாங்க. நான்தான் இருக்கேன்னேன். இப்ப ஒரு வரிசை மிஷினுக்கு நான்தான் பொறுப்பு. புதுசா வந்த பொண்ணு ஒருத்தி என்னை "மேடம்"ங்கிறா. திரும்பிப் பாத்தேன், என் பின்னாடி யாராவது நிக்கிறாங்களான்னு. அங்க வந்தா நான் யாரு? வீடு வீடாப் போய் அடுத்தவன் துணிய அலசுறவ. கடுகு அப்பா விட்டுட்டுப் போனதுக்கு அப்புறம் என்னைப் பாத்து யாரு எழுந்து நின்னா?

மேடையில அவ என்ன கவுன் போட்டிருந்தான்னு எழுது.

அக்கா


செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படி.

போன வாரம் முயல் பாடம் நடத்தினேன். "ஓநாயின் சத்தம் கேட்டது. முயல் புதருக்குள் ஒளிந்தது." முயல் எங்கே ஒளிந்தது என்று கேட்டேன். நாற்பது கைகளும் மேலே. ஏன் ஒளிந்தது என்று கேட்டேன். அது புத்தகத்தின் கேள்வி இல்லை, சும்மா வாயில் வந்தது. கைகள் எல்லாம் இறங்கிவிட்டன. முன் வரிசையில் ஒரு பெண் மட்டும் எழுந்து, "முயல் புதருக்குள் ஒளிந்தது டீச்சர்" என்றாள்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மறுநாள் பலகையில் நானே ஒரு பத்தி எழுதினேன். "கிம்பா ஒன்று தொழப்பில் ஏறியது. அங்கே அது இரண்டு நுசுலைத் தின்றது." அர்த்தம் தேடாதே அக்கா, எதற்கும் அர்த்தம் கிடையாது, நான் இட்டுக்கட்டியது. கிம்பா எங்கே ஏறியது? "தொழப்பில் ஏறியது!" எத்தனை நுசுல் தின்றது? "இரண்டு நுசுல்!" எல்லாம் சரியான பதில். யாரும் சிரிக்கவில்லை. அது என்ன என்று யாரும் கேட்கவில்லை. நானே, "கிம்பான்னா என்ன?" என்றேன். ஒரு பையன் என்மேல் பரிதாபப்பட்டதுபோல, "டீச்சர், அது பாடத்துல இல்ல" என்றான்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடு, விரலை வை, அந்த வரியை அப்படியே எழுது. முதல் வகுப்பிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். எல்லாருக்கும் முழு மதிப்பெண். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

கிம்பாவுக்கு முதலில் பதில் சொன்னது கடுகு.

அன்று சாயங்காலம் சாதாரணமாகக் கேட்பதுபோல, "அம்மா எப்ப வர்றாங்க?" என்றேன். "லீவுக்கு." "அம்மா எழுதின கடிதத்துல என்ன இருந்துச்சு?" உடனே சொல்ல ஆரம்பித்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரை, ஒரு சொல் விடாமல், காற்றில் விரலை நகர்த்திக்கொண்டே. வர முடியவில்லை, இரண்டு வருஷம், எல்லாம் வந்தது. முடித்துவிட்டு, "லீவுக்கு அம்மா வந்தா ஜன்னல் பக்கம் யாரு படுக்கிறது? நீயா அம்மாவா?" என்றாள்.

அவள் தைரியமாக இருந்தாள் என்று உனக்கு எழுதினேனே. அது தைரியம் இல்லை. நீ எழுதியது இன்னும் அவளுக்குள் போகவேயில்லை.

என்ன செய்வதென்று சொல். நான் சொல்லட்டுமா? கேட்கிறேனே தவிர, எனக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வருமா என்று தெரியவில்லை.

தங்கை


செப்டம்பர் 13

டீச்சரம்மாவுக்கு,

என் புள்ள மக்குன்னு சொல்றதுக்கு இத்தனை பக்கமா?

மேடையேத்திக் கை தட்டினதும் நீங்கதான், இப்ப ஒண்ணும் புரியலங்கிறதும் நீங்கதான். உன் கிம்பா சும்பாவெல்லாம் ஊரான் புள்ளைங்ககிட்ட வச்சுக்க. நாலெழுத்துப் படிச்சிட்டா சொந்த அக்கா புள்ளையச் சோதனை பண்ணச் சொல்லுதா? காலேஜுக்குப் போன மொத நாள் வாசல்ல நின்னு, உள்ள போக மாட்டேன்னு என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டு அழுதவ நீ. அன்னைக்கு உனக்கு எதெல்லாம் புரிஞ்சுது?

உன் கடிதாசிய நாலு நாள் தொடாம வச்சிருந்துட்டு இத எழுதுறேன். கோபம் அடங்கல. அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு உனக்குச் சொல்ல மாட்டேன்.

சரி, புரியல. புரியாட்டி என்ன? நல்லா விளையாடுறா, சாப்பிடுறா, தூங்குறா. நான் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். நீ சொல்லக் கூடாது. இன்னொண்ணும் கேக்குறேன், நீ கோவிச்சுக்கிட்டாலும் சரி. மத்த புள்ளைங்களுக்கு எதை வேணா சொல்லிக்குடு. இவளுக்குச் சொல்லிக்குடுக்காத. புரிஞ்சு படிக்கிறதெல்லாம் அப்புறம் படிச்சுக்கலாம். ரெண்டு வருஷம் ஓடிப் போயிடும்.

எந்தத் தாயாவது இப்படிக் கேப்பாளான்னு நெனைப்ப. நெனச்சுக்க.


செப்டம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

அவளை மக்கு என்று நான் சொல்லவில்லை. நீ என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அந்த ஒரு சொல்லை மட்டும் நான் சொன்னதாக எழுதாதே.

அவளுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்காமல் இருக்க என்னால் முடியாது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். மற்ற பிள்ளைகளுக்குச் சொல்வதெல்லாம் அவள் காதிலும் விழும். மற்றவர்களுக்கும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். நாற்பது பிள்ளைகள் அக்கா. நம் வீட்டில் யாரும் எட்டாத இடத்துக்கு என்னைப் படிக்க வைத்தது நீ. அங்கிருந்து வந்து நான் செய்வது இதுதானா?

இப்போது இப்படிச் செய்கிறோம். ஒரு வரி படித்ததும் புத்தகத்தை மூட வேண்டும். கண்ணையும் மூடிக்கொண்டு, "என்ன தெரியுது?" என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. "இருட்டா இருக்கு டீச்சர்" என்றார்கள். பிறகு வரைந்தோம். நடித்துப் பார்த்தோம். பத்தியில் இல்லாத கேள்வி வந்தால் பயப்பட வேண்டாம், எழுதினவங்க எதிரில் இருந்தா என்ன கேப்பீங்க, அதைக் கேளுங்க என்று சொல்லியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை, யானை குடைக்குள் ஒளிய முயன்ற வரியைப் படித்த ஒரு பையன் நடுவில் நிறுத்திவிட்டுச் சிரித்தான். கையில் புத்தகத்தோடு ஒரு பிள்ளை சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சாக்பீஸ் எடுப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஆனால் வேகம் குறைந்துவிட்டது. பெரிய டீச்சர் வந்து நேரம் பார்த்தார். மூன்றாம் வகுப்பு டீச்சர் வாசலில் நின்று, "ஓடுற பிள்ளைங்களை நொண்ட வைக்கிற டீச்சரை இப்பத்தான் பாக்குறேன்" என்றார். பெரிய டீச்சர் சிரிக்கக்கூட இல்லை. "அதிகாரி நவம்பர்ல வர்றார். அதுக்குள்ள பழைய வேகம் வரலேன்னா உன்னை ஆபீஸ் வேலைக்குப் போட்டுடறேன்மா. அங்க பிள்ளைங்களும் இல்ல, நீ யாரோடயும் பேசவும் வேணாம்." பதில் சொல்ல நிறைய இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் எல்லாம் வாயில் வந்தது.

கடுகுதான் கடைசி. அவளால் நிறுத்த முடியவில்லை. ஒரு வரியில் மூடச் சொன்னால் மூன்றாவது வரியில் இருக்கிறாள். "நான்தான் முடிச்சிட்டேனே டீச்சர்!" என்று கோபப்படுகிறாள். வீட்டில் முயன்றால், "வீட்லயும் டீச்சரா நீ?" என்கிறாள்.

இன்னொன்று. இதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதமே பொய். இரண்டு முறை அவள் முகம் மாறியது. ஏதோ பிடிபடப்போகிற முகம். கை தூக்கினாள். நான் பக்கத்துப் பிள்ளையைக் கேட்டேன். வேண்டுமென்றேதான். அவளுக்குப் புரிய வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன். புரியப்போகிற நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஒரு டீச்சர் இதைச் செய்யலாமா? ஒரு சித்தி இதைச் செய்யாமல் இருக்கலாமா?

அவளிடம் சொல்லிவிடு அக்கா. இல்லையென்றால் நான் சொல்ல விடு.

தங்கை


அக்டோபர் 11

தங்கச்சிக்கு,

ஞாயித்துக்கிழமை சொல்லணும்னுதான் வரிசையில நின்னேன். என்ன சொல்லணும்னு மனசுக்குள்ள நூறு தடவ ஓட்டிப் பாத்துட்டேன். ஃபோன எடுத்ததும், "அம்மா, நீ வரும்போது என் பல்லு முளைச்சிருக்கும், அடையாளம் தெரியுமா?"ன்னு கேட்டா. "தெரியும்டா"ன்னேன். "சீக்கிரம் வா"ன்னா. "சரிடா"ன்னுட்டேன். என் வாயி, என் கடிதாசியப் பொய்யாக்கிடுச்சு.

சூப்பர்வைசரம்மாகிட்ட ஒரு வாரமாவது லீவு குடுங்கன்னு போய் நின்னேன். புது ஒப்பந்தம், மொத வருஷம் முடியாம கிடையாதுன்னுட்டாங்க. "நீயாத்தானே இருக்கேன்னு சொன்ன?"ன்னு கேட்டாங்க. நானாத்தான் சொன்னேன்.

போன கடிதாசியில எழுதினத மறந்துடு. மறக்காட்டியும் பரவால்ல. வேல நேரத்துல கை தானா விரிப்ப நீட்டுது, மனசு உன் வகுப்புல மூணாவது வரிசையில உக்காந்திருக்கு. அவ கை தூக்கினா கேளுன்னு சொல்ல வருது. கேக்காதன்னும் வருது.

நீயே சொல்லிடு. இல்ல, சொல்லாத. எனக்குத் தெரியலடி. ஒண்ணு மட்டும், என்ன நடந்தாலும் மறைக்காம எழுது.

அக்கா


நவம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

மறைக்காமல் எழுதச் சொன்னாய்.

நீ சொல் என்றும் சொல்லாதே என்றும் எழுதியிருந்தாய். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு சாயங்காலமும் அவளுக்கு ஏதாவது வேலை இருந்தது, இல்லாவிட்டால் எனக்கு.

போன வாரம் திங்கள்கிழமை பாடம் ஒரு நாயைப் பற்றியது. நான் தேர்ந்தெடுத்ததில்லை, வரிசைப்படி வந்தது. "வீட்டுக்காரர் பெட்டியோடு கிளம்பினார். வண்டி போய்விட்டது. நாய் கேட்டின் அருகில் உட்கார்ந்தது. சாயங்காலம் ஆனது. தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது." நாய் ஏன் கேட்டின் அருகிலேயே உட்கார்ந்திருந்தது என்று கேட்டேன்.

கடுகு கை தூக்கினாள். இந்த முறை நான் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

விரலை வைத்து வரியைத் தேடினாள். மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து. கிடைக்கவில்லை. விரலை எடுத்துவிட்டாள். "அவரு வரமாட்டாருன்னு அதுக்குத் தெரியல டீச்சர்" என்றாள்.

சரியான பதில் அக்கா. இந்த வருஷம் என் வகுப்பில் யாரும் சொன்னதில் மிகச் சரியான பதில். நல்லாச் சொன்னே என்று சொல்லி அவளை உட்கார வைத்திருக்க வேண்டும். அவள் உட்காரவில்லை. நின்றபடியே உதடு அசைந்துகொண்டிருந்தது. நாய்ப் பாடத்தைத்தான் திரும்பப் படிக்கிறாள் என்று மற்ற பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். அவள் கண் புத்தகத்தில் இல்லை. மெதுவாக, ஒரு சொல், நிறுத்தி, அடுத்த சொல். அவள் அப்படிப் படித்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்துப் பெண், "உக்காருடி" என்று பாவாடையை இழுத்தாள். "இரு, நான் இன்னும் முடிக்கல" என்றாள்.

மணி அடித்தது. என் கையைப் பிடிக்காமல் வீடு வரை நடந்தாள். கதவைத் திறந்ததும் கேட்டாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"நீதான படிக்கச் சொன்ன? நல்லாப் படிச்சேன்னும் சொன்ன."

ஆமாம் என்றேன். அப்போதுதான் அழுதாள். சத்தமாக இல்லை. பையைத் தோளிலிருந்து இறக்காமலே, சுவரைப் பார்த்துக்கொண்டு. தொட்டால் தள்ளிவிட்டாள். நான் கதவருகில் தரையில் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, முதுகைக் காட்டிக்கொண்டே, "முடியலன்னு மட்டும் எழுதியிருக்காங்க. ஏன்னு எழுதல. அங்க யாராவது விடலையா, இல்ல அம்மாவே வரலையா?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியும். நீதான் என்னிடம் மட்டும் என்று எழுதியிருந்தாயே. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. "அது எனக்கு எழுதினதுல இல்ல கடுகு, அம்மாவைத்தான் கேக்கணும்" என்றேன். பாதிப் பொய். அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பாதியும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது எல்லாம் தெரிகிறது அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அவள் தூங்குகிறாள் என்று சொன்னேனே. தூங்கவில்லை. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

அதிகாரி வந்து போனார். கடுகைப் படிக்கச் சொல்லி பெரிய டீச்சர் ஸ்டாப்வாட்சை அழுத்தினார். அவள் இரண்டு வரி படித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "உன் ராசாத்தியே இப்படியா?" என்றார் என்னிடம். அடுத்த வாரத்திலிருந்து எனக்கு ஆபீஸ். அந்த நாற்பது பேரும் மறுபடி மூச்சு விடாமல் படிக்கப் போகிறார்கள். என்னால் அதைத் தடுக்க முடியவில்லை, பேச எழுந்து நின்றேன், "மேடம்" என்பதற்கு மேல் வரவில்லை.

அவள் கேட்டதற்கு நீ எழுது. சின்னச் சின்ன வரியாக எழுது. அவளுக்கு எழுதும்போது எதையும் அழகாக்காதே. இனி அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

தங்கை


நவம்பர் 16

தங்கச்சிக்கு,

உன்னைக் குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. சொல்லணும்னு தேடிப் பாத்தேன்.

உள்ள இருக்கிறது அவளுக்கு. உங்க மாதிரி எழுத்துத் தமிழ்ல எழுதியிருக்கேன், அவளுக்கு அதுதான படிச்சுப் பழக்கம். தப்பு இருந்தா திருத்தாத. அவகிட்ட குடுத்துட்டு நீ அந்தப் பக்கம் திரும்பிக்காத, எதிர்ல உக்காரு.

அக்கா


கடுகுக்கு,

அம்மா எழுதுகிறேன். மெதுவாகப் படி. எப்போது வேண்டுமானாலும் நிறுத்து.

நீ கேட்டது நல்ல கேள்வி. போன கடிதத்தில் நான் அதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

என்னை யாரும் தடுக்கவில்லை. போகிறாயா, இருக்கிறாயா என்று கேட்டார்கள். இருக்கிறேன் என்று நான்தான் சொன்னேன். இப்போது வருகிறேன் என்றாலும் விட மாட்டார்கள். ஆனால் முதலில் சொன்னது நான்.

இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே எனக்கு மரியாதை இருக்கிறது. உன்னையும் எனக்குப் பிடிக்கும். இரண்டும் நிஜம். இரண்டும் எப்படி நிஜமாக இருக்கும் என்று நீ கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

ஃபோனில் சரிடா என்று சொன்னது பொய். நீ அழுவாய் என்று பயந்து சொன்னேன்.

இந்த லீவுக்கு நான் வர மாட்டேன். அடுத்த லீவுக்கும் வர மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன். உனக்குப் பேச வேண்டாம் என்றால் பேசாதே. சித்தியை ஃபோனை எடுத்து உன் பக்கத்தில் வைக்கச் சொல். நீ திட்டினாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒன்றும் சொல்லாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அம்மா